திரையில் அளந்தால் போதுமா?

 

போன ஞாயிறு அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவி முடிச்சிட்டு மண்டபத்துப் பக்கம் வந்தேன். படிவம் 4 படிக்கிற நம்ம பிள்ளைங்க நாலு பேர் ஒரு ஹென்போனைச் சுத்தி உட்கார்ந்திருந்தாங்க. கேம்னு நினைச்சு சத்தம் போடப் போனேன். பார்த்தா அறிவியல் பரிசோதனை! நூலில் குண்டைக் கட்டி ஆட்டி நேரம் அளக்கிற ஊசல் பாடம், திரையிலேயே நடக்குது.

அந்த இணையத்தளத்துக்குப் பேர் ஃபெட். நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. இலவசம். நூலின் நீளத்தை மாத்தலாம், எடையை மாத்தலாம், சந்திரனுக்கே கொண்டு போகலாம். ஒரு மீட்டர் நூல் பத்து தடவை ஆட பூமியில் சுமார் 20 விநாடி, சந்திரனில் சுமார் 49 விநாடி. எந்தப் பள்ளி லேப்பில் இதைக் காட்ட முடியும்? இந்தியாவிலும் அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 9 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்கும் ஓலேப்ஸ் என்று ஒன்று செஞ்சு வச்சிருக்காங்க. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை மூடினப்போ, இந்த மாதிரி வசதிதான் பிள்ளைங்களுக்குக் கைகொடுத்தது. அதனால நான் இதுக்கு எதிரி இல்லை.

ஆனா அவங்க நோட்டைப் பார்த்ததும் மனசுக்குள்ள ஒரு உறுத்தல். அஞ்சு தடவை அளந்திருக்காங்க. அஞ்சும் கடைசி தசமம் வரைக்கும் ஒரே எண்.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரே சாமானை மூணு பேர் மைக்ரோமீட்டரில் அளந்தா கடைசி எண் கொஞ்சமாவது மாறும். புதுசா வந்தவன் பத்து தடவையும் ஒரே எண்ணை எழுதினா, இவன் அளக்கவே இல்லை, காப்பி அடிச்சிட்டான்னு எனக்குத் தெரிஞ்சிடும். நாங்க தப்புன்னு சொல்றதை, திரை சரின்னு பழக்குது.

உடனே பூக்கட்டுற நூலை எடுத்து, என் பையிலிருந்த நட்டு ஒண்ணைக் கட்டி, ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டருக்குத் தொங்க விட்டேன். பத்து ஆட்டம் எண்ணச் சொன்னேன். 19.7, 20.4, 20.1. நாலாவது பையனுக்கு 18.1. எல்லாரும் சிரிச்சாங்க. ஏன் குறைஞ்சதுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பொண்ணு சொன்னா: "அங்கிள், நட்டை விடும்போதே இவன் ஒண்ணுன்னு எண்ணிட்டான். ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருக்கு."

அதுதாங்க அறிவியல். தப்பு வரணும், அது எங்கிருந்து வந்ததுன்னு தேடணும். திரையில் கண்ணாடிக் குழாய் உடையாது, நூல் அவிழாது, காத்து அடிக்காது. எஸ்.பி.எம். தேர்விலும் 2021 முதல் பௌதிகம், வேதியியல், உயிரியலுக்கு மூன்றாம் தாள் செய்முறைச் சோதனைதான். அன்னைக்கு ஹென்போன் உதவாது, கை பழகியிருக்கணும்.

பள்ளியில் எல்லாம் பார்த்துக்குவாங்கன்னு நாம இருந்திடக் கூடாது. திரையில் முதலில் பார்க்கட்டும், அப்புறம் கையால் செய்யட்டும். ரெண்டும் வேணும்.

மாதம் ஒரு ஞாயிறு, பூஜை முடிஞ்சு ஒரு மணி நேரம், மண்டபத்தில் இதைச் செய்யலாம்னு கோயில் நிர்வாகத்திடம் கேட்கப் போறேன். நூல், நட்டு, காந்தம், பேட்டரி, சின்ன பல்பு போதும். பெரிய செலவு இல்லை. ராசா வட்டாரத்தில் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இருந்தா தயவு செஞ்சு முன்வாங்க. நான் சொல்லிக் கொடுக்கிற அளவு படிச்சவன் இல்லை. நட்டு மட்டும் என்னால கொண்டு வர முடியும்.

அம்மன் துணை.