கம்பியா, காற்றா?

"கம்பியில்லாக் காலம் வந்துவிட்டது, இனிக் கம்பி எதற்கு?" என்று கேட்போர் பலர். நானும் அவ்வாறு கேட்டவன்தான். என் எண்ணத்தை மாற்றியது எங்கள் வீட்டுச் சுவர்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பை ஒட்டியது எங்கள் வீடு. 2021-ஆம் ஆண்டு, கொரோனாவால் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, என் அக்கா பருவத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதினாள். விடைத்தாள்களைப் படமெடுத்து இணையத்தில் அனுப்ப வேண்டும். ரவுட்டர் முன்கூடத்தில், அவள் அறையோ இரண்டு செங்கற்சுவர்களுக்கு அப்பால். நேரம் முடியப் பத்தே நிமிடம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தாள்களை அள்ளிக்கொண்டு கூடத்திற்கு ஓடிவந்து அனுப்பி முடித்தபோது அவள் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை.

குற்றம் எவருடையதும் அன்று. அலையின் இயல்பு அது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆனால் சுவரைக் கண்டால் தளரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். 'கேட் 5இ' வகை லேன் கேபிளோ 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் தரும்; சுவர் அதற்குப் பொருட்டன்று.

எனினும் கம்பியை மட்டுமே போற்றுவது முறையாகாது. எலி கடிக்கும், இடி மின்னலில் செப்புக்கம்பி வழியே மின்பாய்ச்சல் வந்து கருவி கெடலாம். கைப்பேசிக்குக் கம்பி கட்டி உலவவும் இயலுமோ? வரலாறும் இரண்டையும் பகையாக்கவில்லை. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் வானொலி அலையால் கணிப்பொறிகளை இணைத்த 'அலோஹாநெட்' தான், 1973-இல் மெட்காஃப் வகுத்த 'ஈதர்நெட்' கம்பி வலைக்கு வழிகாட்டியது.

ஆகவே என் கருத்து இது: ஓரிடத்தில் இருப்பவற்றுக்குக் கம்பி, உலவுபவற்றுக்குக் காற்று. வீடு கட்டுவோர், பூச்சு வேலைக்கு முன்பே, மின்கம்பிக் குழாயோடு சேராமல் தனிக் குழாய் ஒன்றைச் சுவருக்குள் புதைத்துவிடுங்கள். பின்னர்ச் சுவரை உடைப்பதே பெருஞ்செலவு.

இப்போது அப்பா மாடியில் எனக்கோர் அறை கட்டுகிறார். "அதுக்கு எதுக்குடா தனியா ஒரு பைப்பு?" என்றார். அக்காதான் பதில் சொன்னாள்: "என்னை மாதிரி இவனும் தாளோட ஓடணுமாப்பா?"

மறுநாள் பண்ருட்டியிலிருந்து குழாய் வந்துவிட்டது.

— இரண்டாம் ஆண்டு, இயற்பியல்