பாடுவோர் சிலர், கேட்போர் பலரா?

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளிப் பங்குகளில் இளைஞர் பாடகர் குழுக்களுக்கு ஓய்வே இல்லை. வாடகை இசைக்குழுவோடு இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். அவ்வுழைப்பை நாம் இகழவில்லை. எம்.பி. சீனிவாசன் (1925–1988) நிறுவிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, பல குரல்கள் ஒன்றாகும் அழகைத் தமிழருக்குக் காட்டியதன்றோ? மேடையில் அதனை மகிழ்ந்து கேட்போம்.

திருப்பலியோ மேடையன்று. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடு (எண் 114) பாடகர் குழுக்களை ஊக்குவிக்கப் பணிக்கிறது. இறைமக்கள் அனைவரும் பங்கேற்க வழிசெய்யவும் அங்கேயே பணிக்கிறது. முற்பாதியை மட்டும் படித்தோமோ? பாடல் முழுவதையும் குழுவிடமே ஒப்படைத்து மக்களை அறவே விலக்கும் வழக்கத்தை 1967-ஆம் ஆண்டின் திரு இசை அறிவுரை ஏற்கவில்லை.

நம் கோவில்களில் நிகழ்வதென்ன? வாரந்தோறும் புது மெட்டு. முதியோர் தொண்டைக்கு எட்டாத சுருதி. போதாக்குறைக்கு ஒலிபெருக்கியின் முழக்கம். மனப்பாடமாய்ப் பாடிவந்த பாட்டியின் வாய் அடைபட்டுப் போகிறது. விழாவுக்குச் செலவிட்டோம், வழிபாட்டை இழந்தோம்.

இளைஞரே, இசைக்குழுவோடு மாலை மேடைகளில் பாடுங்கள். திருப்பலியில் சுருதியைத் தாழ்த்துங்கள். பல்லவியை மக்களுக்கே விடுங்கள். பத்து நிமிடம் முன்னதாக வந்து அதனைக் கற்றுக்கொடுங்கள். கடைசி வரிசையும் பாடுமானால், அதுவே உங்கள் குழுவின் வெற்றி.