கோலில் நிற்பது யார்?
செங்கல்பட்டு வட்டாரக் கல்லூரி ஹாக்கி எதிர்நோக்கும் கேள்வி

ஹாக்கிப் பந்தயம் முடிந்து ரசிகர்கள் வீடு திரும்புகிறார்கள். வழிநெடுகப் பேச்சு யாரைப் பற்றி? கோல் போட்டவரைப் பற்றி! அணி தோற்றுவிட்டால்தான் கோல் கீப்பரின் ஞாபகம் வருகிறது. வெற்றி என்றால் பத்துப் பேருக்கு மாலை. தோல்வி என்றால் ஒருவருக்கு ஏச்சு. இதுதான் அந்த இடத்தின் தலைவிதி.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., செங்கல்பட்டு நகரிலேயே அரசு கலைக் கல்லூரி. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வியாண்டு பிறந்ததும் ஹாக்கிப் பிரியர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இந்த வருஷம் நம் அணி எப்படி?”

முன்வரிசையில் யார், நடுவில் யார் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் விடை மைதானத்தின் கடைசிக் கோட்டில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருக்கிறது.

அரை நொடி வேலை

ஹாக்கி கோலின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. அதைக் காக்க ஓர் ஆள். கோலைச் சுற்றி வரையப்பட்ட ‘டி’ வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்த வட்டத்தின் விளிம்பு சுமார் 48 அடி தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கோலை எட்ட அரை நொடிக்குச் சற்று அதிகமாகும். அவ்வளவுதான் அவகாசம்!

பந்தைப் பார்த்த பிறகு யோசிக்க நேரமில்லை. அடிப்பவரின் தோளையும் மட்டையையும் பார்த்தே பந்து போகும் திசையை ஊகிக்கவேண்டும். இந்த ஊகம் பிறவியில் வருவதல்ல. ஆயிரக்கணக்கான பந்துகளைத் தடுத்துத் தடுத்து உடம்பில் ஊறவேண்டியது.

பூஜ்யத்தை நம்பலாமா?

“எங்கள் கீப்பர் மூன்று பந்தயங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை!” என்று ரசிகர்கள் பெருமை பேசுவதுண்டு. பெருமைதான். ஆனால் அந்தப் பூஜ்யத்தை உரசிப் பார்க்கவேண்டும்.

2025-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்தன. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடியது. அதாவது கல்லூரிப் பருவத்துப் பிள்ளைகள். இந்தியா முதலில் சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. மூன்று பந்தயங்களில் 29 கோல், வாங்கியது ஒன்றுமில்லை.

பிறகு என்ன ஆயிற்று? காலிறுதியில் பெல்ஜியம் இரண்டு கோல் போட்டது. ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்து, ஷூட்-அவுட்டில் இந்தியா 4-3 என்று தப்பியது. கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் அன்றைக்குக் கோலில் மலையாக நின்றார். அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று அடித்துப் போட்டது. மூன்றாம் இடத்துக்கான பந்தயத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த நமது அணி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் பெற்றது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதல் மூன்று பந்தயங்களில் கீப்பருக்குப் பெரிய சோதனை இல்லை. உண்மையான பரீட்சை பெல்ஜியத்தோடுதான் ஆரம்பித்தது.

கல்லூரி ஹாக்கியிலும் இதே கதைதான். எளிய எதிரிகளிடம் கோல் வாங்காத கீப்பரை நம்பி மண்டலப் பந்தயத்துக்குப் போகும் அணி, அங்கே முதல் நாளே திகைத்துப் போகலாம். கீப்பரை எடைபோட வேறு கேள்விகள் கேட்கவேண்டும். எத்தனை பெனால்டி கார்னர்களைச் சந்தித்தார்? எத்தனையைத் தடுத்தார்? ஒரு கோல் விழுந்த பிறகு அடுத்த ஐந்து நிமிடம் எப்படி நின்றார்? முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களைக் குரல் கொடுத்து நிறுத்தினாரா, வாய் மூடி நின்றாரா? இவைதான் உரைகல்.

சங்கர் லட்சுமண் காலம்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு கோல்கூட வாங்காமல் தங்கம் வென்றது. கோலில் நின்றவர் சங்கர் லட்சுமண். அன்று ஆட்டம் இயற்கைப் புல்தரையில் நடந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து வழுக்கிக்கொண்டு சீறுகிறது. அதற்கேற்பக் கவசங்களும் பெருத்தன: தலைக்கு ஹெல்மெட், மார்புக்குக் கவசம், கைக்கு உறை, காலுக்குப் பேடு, பாதத்துக்குக் கிக்கர்.

இங்கேதான் ஏழை மாணவனுக்கு இடி விழுகிறது. முன்வரிசையில் ஆட ஒரு மட்டையும் காலணியும் போதும். கோலில் நிற்க ஒரு மூட்டை கவசம் வேண்டும். அதன் விலை ஒரு மட்டையின் விலையில் அடங்காது.

பசுவை விற்ற தகப்பனார்

கேரளத்தில் கிழக்கம்பலம் என்ற ஊரைச் சேர்ந்த விவசாயி ஒருவர், மகனுக்குக் கீப்பர் கவசம் வாங்கப் பசுவை விற்றார். அந்த மகன்தான் பி.ஆர். ஸ்ரீஜேஷ். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த பையனிடம் கீப்பருக்குரிய உடற்கட்டு இருப்பதைக் கண்டு கோலில் நிறுத்தினார் பயிற்சியாளர். 2006-இல் இந்திய அணிக்கு வந்தார். ஒலிம்பிக் பதக்கம் கைக்கு வந்தது 2021-இல், டோக்கியோவில். இடையில் 15 ஆண்டு உழைப்பு!

2024 பாரிஸ் காலிறுதியில் இந்தியா ஆட்டத்தின் பெரும்பகுதியைப் 10 பேருடன் ஆடியது. அப்படியும் பிரிட்டன் 1-1 என்பதைத் தாண்ட முடியவில்லை. ஷூட்-அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றதும், வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றதும் நாடறிந்த செய்தி. சென்னையில் வெண்கலம் வென்ற ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளரும் அவரே.

ஸ்ரீஜேஷுக்குப் பசு இருந்தது. பசு இல்லாத வீட்டுப் பையன் என்ன செய்வான்? கவசம் வாங்கவேண்டியது அவன் தகப்பனார் அல்ல, கல்லூரி.

தமிழ்நாட்டின் குறை

நம் மாநிலம் ஹாக்கியில் பின்தங்கியதல்ல. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். அண்மைக் காலத்தில் அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் இந்திய அணிக்கு ஆடினார்கள். ஆனால் இருவரும் முன்வரிசைக்காரர்கள். கோவில்பட்டியில் பயிற்சிக்கு ஓரிடம் இருந்தது, பிள்ளைகள் தேறினார்கள். கோல் கீப்பருக்கும் அதே நியாயம்தான்.

அக்கம்பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. மாமல்லபுரத்தையும் கோவளத்தையும் பாருங்கள். கடற்கரைப் பையன்கள் அலைச்சறுக்கில் பெயர் எடுத்தார்கள். காரணம், அலை வாசலிலேயே இருந்தது. காலையும் மாலையும் பழகினார்கள். ஹாக்கி கீப்பருக்கு அலை எது? செயற்கைத் தரையில் சீறி வரும் பந்து! மண் தரையில் மட்டும் பழகியவனுக்கு அந்த வேகம் புதிது. மண்ணில் விழுந்து தடுத்தால் முழங்கை தோலுரியும். அதனால் விழவே பயப்படுகிறான். அந்தப் பயம் பந்தயத்திலும் கூடவே வருகிறது.

வழி இல்லையா?

இருக்கிறது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலே போதும். வாரம் ஒரு நாளாவது கீப்பர்களை அங்கே அழைத்துப் போக அனுமதி பெறலாம். கூட்டமான ரயிலில் கவச மூட்டையோடு ஏறுவது அவஸ்தைதான். கல்லூரி வண்டி கொடுத்தால் அதுவும் தீர்ந்தது.

கவசத்தைக் கல்லூரி வாங்கி, ஒவ்வொரு தலைமுறைக் கீப்பருக்கும் கொடுக்கலாம். ஒருவருக்குப் பதில் இருவரைத் தயார் செய்யவேண்டும். ஒருவருக்குக் காயம் பட்டால் ஆண்டே பாழாகக் கூடாதல்லவா? மற்றவர்கள் ஆடும்போது கீப்பரைச் சும்மா நிறுத்தாமல், தினமும் அரைமணி அவருக்கென்றே பந்தடிக்கவேண்டும். ஷூட்-அவுட்டில் எதிரிக்குக் கிடைப்பது 8 நொடி. அந்த 8 நொடியைப் பயிற்சியிலேயே பழக்கவேண்டும்.

சிறிய கல்லூரிக்கு ஓர் ஆறுதலும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே தென்மண்டலப் பந்தயத்துக்குப் போகலாம். மற்றக் கல்லூரி மாணவர்கள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகவேண்டும். அந்தத் தேர்வில் முன்வரிசைக்குப் போட்டி அதிகம். தேர்ந்த கீப்பருக்குப் பஞ்சம். சாதாரணக் கல்லூரியிலிருந்து வரும் ஒரு நல்ல கீப்பர் ஒரே மூச்சில் மேலே போகலாம்.

ஆகவே, “இந்த வருஷம் நம் அணி எப்படி?” என்று கேட்பவர்கள் முன்வரிசையைப் பார்த்து ஜோசியம் சொல்லவேண்டாம். கல்லூரி அலமாரியைத் திறந்து கீப்பரின் கவசத்தைப் பாருங்கள். கிழிந்து தொங்கினால், அணியின் எதிர்காலமும் அப்படித்தான். அது நன்றாக இருந்து, அதை அணிந்த பையன் தினமும் நூறு பந்துகளைத் தடுக்கிறான் என்றால், தைரியமாகப் பந்தயம் பார்க்கப் போகலாம்.

போனால் ஒரு வேலை செய்யுங்கள். அவன் ஒரு பந்தைத் தடுக்கும்போதும் கை தட்டுங்கள்!