மாமி தரப்பு வழக்கு

நாகர்கோவிலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். கட்சிக்காரர்கள் கொண்டுவரும் பழைய ஆதாரங்களில் குடும்பத்தை ஆண்ட மாமனான காரணவர் பெயர் இருக்கும், மருமக்கள் பெயர் வரிசையாக இருக்கும். கட்டினவள் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்று நடந்தது மருமக்கள் வழி. மாமன் சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைக்கு. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைத்தான் 1917 வாக்கில் ‘தமிழன்’ இதழில் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று தொடராக எழுதினார். 1942இல் புத்தகமானது. கதை சொல்கிறவள் ஒரு காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவள். அடுக்களைப் பாடு முதல் கோர்ட்டுச் செலவு வரை அவள் வாயாலேயே வருகிறது. அந்தக் காலத்து ஆண் ஒருவர் இப்படி எழுதியது சின்னக் காரியமில்லை. 1926இல் மருமக்கள் வழியை மாற்ற நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்ததில் இந்தப் பாட்டுக்கும் பங்குண்டு என்பார்கள். இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது மான்மியத்தில் வரும் ‘மாமி அரசியற் படலம்’. மருமகளைப் படுத்தி எடுக்கும் கிழவியைப் படித்து நாம் சிரித்துத் தீர்க்கிறோம். அந்தக் கிழவி யார்? சொத்து இறங்கி வருகிற வழியே அவள் வயிறுதான். ஆனால் பாட்ட நெல்லை அளப்பதும், ஒற்றி வைப்பதும், கையெழுத்துப் போடுவதும் ஆண்பிள்ளை. அவளுக்கு மிஞ்சியது அடுக்களை அதிகாரம். அதையும் வந்து ஏறிய பெண்ணிடம்தான் காட்ட முடியும். ஐந்து தாலி கட்டியவனைவிட அவளுக்குத்தான் நம்மிடம் வசவு அதிகம்.

மருமகனா, மகனா என்பதுதான் அன்றைய சண்டை. மகளுக்காக எழுந்த குரல் சன்னம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. அப்போதும் அந்த மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். 2005இல்தான் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது.

எடுத்தென்ன? என் மேசைக்கு விடுதலைப் பத்திரம் வந்தபடி இருக்கிறது. தம்பி, அண்ணன் பெயருக்குப் பங்கை விட்டுக் கொடுக்கும் அக்கா, தங்கைகள். முழுசாக வாசித்துக் காட்டுவேன். “நல்லா யோசிச்சியளா அக்கா?” என்றால், “அண்ணன் பிணங்கிட்டா நாளைக்கு எனக்கு ஆரு இருக்கா மக்களே?” என்றபடி பெருவிரலை மையில் வைப்பார்கள். வெளியே திண்ணையில் அண்ணன்மார் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மான்மியத்தில் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று ஒன்று உண்டு. வழக்காடியே குடும்பம் அழிகிற கதை. கவிமணி சாடியது ஆண்களின் வழக்கு வெறியை. இன்று அதே பயம் பங்கு கேட்கிற தங்கச்சியிடம் காட்டப்படுகிறது: கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் முடிஞ்சிரும். தங்கச்சி பங்கை அமுக்கிவைத்த அண்ணனிடம் யாரும் அப்படிச் சொல்லக் காணோம்.

மான்மியத்தைப் பாடம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து ‘மாமியின் கொடுமைகளைத் தொகுத்து எழுதுக’ என்று கேள்வி போட வேண்டாம். அந்த வீட்டு நெல் கணக்கு யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.