கேட்கக் கற்பிப்போம்

உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கியபோது, சமண சமயச் செய்திகள் பல அவருக்கு விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர்களையே தேடிச் சென்று வினவினார். சைவ மடத்தில் தமிழ் பயின்ற புலவர் பிற சமயத்தாரிடம் கேட்டுத் தெளிந்தமையால் விளைந்ததே 1887ஆம் ஆண்டுப் பதிப்பு. பாரிசிலிருந்த பேராசிரியர் ஜூலியன் வின்சோனுடனும் பின்னர் அவர் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

அன்று கப்பலேறிய கடிதம் இன்று நொடியில் சென்று சேர்கிறது. கீழ்பென்னாத்தூர் மாணவர் தம் கைப்பேசியிலிருந்தே எந்நாட்டு அறிஞரிடமும் ஐயம் கேட்கலாம். ஆயினும், "சீறாப்புராணம் பற்றிய செய்திகளை அனுப்புங்கள் ஐயா" என்ற ஒற்றை வரிக்கு எந்த அறிஞர் விடை எழுதுவார்? விடை வாராதபோது, சிற்றூர்ப் பிள்ளையென ஒதுக்கினார் என்று மாணவர் மனம் குன்றுகிறார். அவரை நொந்து பயனில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்க்குக் கேட்கும் முறையை யார் கற்பித்தார்?

செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அத்தகைய கல்லொன்று நம் மாணவர் ஊர் ஏரிக்கரையிலும் இருக்கக்கூடும். அதனைச் சாய்வெயிலில் படமெடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, இருக்குமிடம் குறித்து, தாம் படித்த எழுத்துகளையும் ஐயமான எழுத்துகளையும் பிரித்தெழுதி அனுப்பினால் கல்வெட்டறிஞர் மகிழ்ந்தே விடையளிப்பார். செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போதாதா என்பார் உளர். எவரும் படித்திராத கல்லைப் பற்றி அது என்ன சொல்லும்? சொன்னால்தான் அஞ்ச வேண்டும்!

வல்லுநர் தொலைவில்தான் இருப்பார் என்பதுமில்லை. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து முதலிய இலக்கியங்களை ஆராயும் மாணவர், எச்சமயத்தவராயினும், அரபுச் சொற்களுக்குப் பொருள் கேட்க அடுத்த தெரு ஆலிமிடம் முதலில் செல்லட்டும். சமுதாயப் பெரியோர் அவரை அன்புடன் அழைத்துச் செல்லட்டும்.

வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்க நிர்வாகப் பெருமக்கள் இசைதல் வேண்டும். மாணவர் எழுதிய வினாவை ஆசிரியர் பார்த்துத் திருத்திய பின்னரே அனுப்பலாம். வினாவைத் திருத்துகையிலேயே பாதி ஐயம் தீர்ந்துவிடுவதும் உண்டு. வந்த விடைகளை ஒரு பேரேட்டில் எழுதி நூலகத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு மாணவர் அதே வினாவுடன் அதே அறிஞரை மீண்டும் தொல்லைப்படுத்த நேராது. விடையளித்தவர் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் இடம்பெற வேண்டும்.