எந்த ஆலோசகரிடம் போவது?
ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய்க்கு ஆறுதல் பேச்சு மருந்தாகாது. ‘கதவைப் பூட்டியாயிற்று, கவலைப்படாதே’ என்று ஆலோசகர் வாராவாரம் சொன்னால், அந்த உறுதிமொழிக்கே மனம் பழகிப்போய் மறுபடியும் கேட்கும். 1966-இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் காட்டிய வழி வேறு: அழுக்கென்று அஞ்சும் பொருளைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் பதற்றத்தைத் தாங்கியிருக்கப் பழக்குவது. பின்வந்த ஆய்வுகளிலும் தேறிய முறை இது.

கொடுமையாயிற்றே என்பார்கள். பயிற்சி பெற்றவர் நோயாளியின் சம்மதத்தோடு, எளிய படியிலிருந்துதான் தொடங்குவார். மாத்திரை போதாதா? பலருக்கு உதவும்; பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது. சிற்றூர்களில் இப்பயிற்சி தரும் ஆலோசகர்கள் கிடைப்பது அரிது என்ற மறுப்பில்தான் நியாயம் இருக்கிறது. அங்கே, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் விசாரிக்கத் தொடங்கலாம். யாரிடம் போனாலும், ‘ஓசிடிக்கு இந்தப் பயிற்சி தருவீர்களா?’ என்று முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவல்ல.