பத்து மைலைவிடத் தூரமான தெரு

வேலூர் சிஎம்சி மருத்துவமனை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். 1890களில் ஓர் இரவு. திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் வருகிறார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் துடிக்கிறார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம், மகள் ஐடா வரட்டும் என்கிறார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது.

இந்தக் கதையை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. திண்டிவனம் அன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துச் சேரிகளிலும் பெண்கள் பிள்ளை பெற்றார்கள், பிரசவத்தில் செத்தார்கள். அவர்களுடைய கணவன்மார் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்?

கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவம் எட்டாததற்குத் தூரமும் மூடநம்பிக்கையும் காரணம் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். தூரம் உண்மைதான். கடலூர் 1866இலும் சிதம்பரம் 1873இலும் நகராட்சிகளாயின. 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த மாவட்ட, தாலுகா போர்டுகள் ஆஸ்பத்திரிகளையும் மருந்தகங்களையும் நடத்தின. அவை பெரும்பாலும் நகரங்களிலும் தாலுகா தலைமையிடங்களிலும்தான் இருந்தன. ஆனால் பத்து மைல் எல்லோருக்கும் ஒரே பத்து மைலாக இருக்கவில்லை.

முதலில், கிளம்புவதற்கே அனுமதி வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதி அந்த நூற்றாண்டில் எழுதிய நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக நந்தன் ஆண்டையிடம் கெஞ்சுகிறான். வயல் வேலையைக் காட்டி ஆண்டை மறுக்கிறார். பக்தியைத் தள்ளிவைத்துப் படித்தால் அது ஒரு பண்ணையாளின் கதை. சாமி பார்க்க விடாத ஆண்டை, காய்ச்சலுக்கு மருந்து வாங்க மட்டும் விட்டிருப்பாரா? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி நெல் கிடைக்காது. வண்டியும் மாடும்கூட ஆண்டையுடையவை.

அடுத்தது தெரு. பொதுச் சாலை, கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் தீண்டப்படாதோருக்கும் உரிமை உண்டு என்று சென்னை சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1924இல். தெருவில் நடக்கவே அப்போது தீர்மானம் தேவைப்பட்டது என்றால், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தெருவில் இருந்த மருந்தகம் யாருக்குத் திறந்திருந்தது?

பிறகு தீண்டல். சென்னை மாகாணத்தில் 1802இல் அம்மை குத்துவது தொடங்கியது. குத்திய குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். இந்தியாவெங்கும் இதற்குப் பெரும்பாலும் பயன்பட்டவை ஏழைகளின், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளின் கைகள். அந்தக் கைகளிலிருந்து வந்த நீர் என்பதாலேயே உயர்சாதியினர் பலர் குத்திக்கொள்ள மறுத்தார்கள். மூடநம்பிக்கை யாருடையது என்று இப்போது சொல்லுங்கள்.

சேரிக்குள் மருத்துவ அறிவு இல்லாமல் இல்லை. பேறுகாலம் பார்த்த கிழவிகள் இருந்தார்கள், பச்சிலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர். மறுக்கப்பட்டது, எல்லோருடைய உழைப்பிலும் வந்த வரிப்பணத்தில் நடந்த பொது மருத்துவம்.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013இல் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கினார்கள். மாணவர்கள் பல வாரங்கள் போராடிய பிறகுதான், 2021 ஜனவரியில் அது சுகாதாரத் துறையின்கீழ் வந்தது. பண்ணையாளின் பேத்தி இந்த மாவட்டத்திலேயே மருத்துவராக முடியுமா என்ற கேள்வியும் அந்தப் போராட்டத்தில் இருந்தது.

தோழர்களே, உங்கள் கிராமத்தில் துணை சுகாதார நிலையம் ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? காலனியிலிருந்து அங்கே போக எந்தத் தெருவைக் கடக்க வேண்டும்? காலனியின் கடைசி வீடு வரை 108 வண்டி வரச் சாலை இருக்கிறதா? அடுத்த கிராம சபையில் இவற்றைக் கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். புதிய சுகாதார நிலையத்துக்கு இடம் தேடினால், முதலில் காலனியில் தேடச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் அங்கே நடந்து வரட்டும்.